மதினி தனியாக நின்ற படம்

அந்தப் படத்தில் மதினி சிரித்துக்கொண்டிருப்பார். மேல்வரிசைப் பல்லுக்கு நடுவே ஒரு சின்னச் சந்து தெரியும். துவைத்துத் துவைத்துச் சோப்பு நுரை போல வெளுத்துப்போன நீலப் பருத்திச் சேலை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, நெற்றியோரம் மட்டும் நாலைந்து முடி அடங்காமல் நிற்கும். பின்னால் மழையில் நனைந்து கறுத்த காம்பவுண்டுச் சுவர், கொடியில் குழந்தையின் மஞ்சள் சட்டை ஒன்று. இடது கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் நான் சொல்லித்தான் நீங்கள் நம்ப வேண்டும். காட்டுவதற்குப் படம் இல்லை. நான் சொல்வதை நம்பலாமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. மல்லாங்கிணற்றுப் பக்கம் மானாவாரிக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவர், கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்ததும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனார். காலையில் தெருமுனைக்கு வேன் வரும். வேன் வருவதற்குள் சோறு வடித்து, குழந்தையைக் குளிப்பாட்டி, எனக்கும் அண்ணனுக்கும் தூக்குவாளி கட்டி வைத்துவிட்டு ஓடுவார். நான் அப்போது கல்யாணமாகாதவன், அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கும் வேலை, கூடவே புரூப் திருத்தும் வேலை. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது மதினி, "எழுதுங்க, பேரு மட்டும் போடாதீக" என்றார். போடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பள்ளித் தோழன் ஒருவனிடமிருந்து பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று என் கைக்கு வந்திருந்தது. கூடவே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய நீல நிற மெமரி கார்டு. வாங்கிய புதிதில் தெருவில் ஒரு கோழியைக்கூட விடவில்லை. அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியும்போதே தூறல். வானம் மூடினால் பட்டாசு ஆலையில் வேலை ஓடாது. வேன் வந்தது, "இன்னைக்கு வேலை இல்ல" என்று டிரைவர் குரல் கொடுத்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். வேலைக்குக் கிளம்பி நின்ற மதினி வாசலிலிருந்து திரும்பி வந்து, கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கொழுந்தனாரே, என்னைய மட்டும் ஒத்தையில ஒரு போட்டோ எடுங்க. இடுப்புல பிள்ள வேண்டாம், பக்கத்துல ஒங்க அண்ணன் வேண்டாம்."

"அண்ணன் கோவிச்சுக்கிடப் போறாரு மதினி."

"கோவிச்சா கோவிக்கட்டும். ஒத்தையில நின்னா நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாதுய்யா."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கல்யாண ஆல்பத்தில் அவர் முகம் மாலைக்குள்ளும் பவுடருக்குள்ளும் புதைந்து குனிந்தே இருக்கும். ரேஷன் கார்டில் அண்ணன் படம்தான். மற்றதெல்லாம் யார் வீட்டுக் காதுகுத்திலோ கூட்டத்தோடு கூட்டமாக நின்றவை. காம்பவுண்டுச் சுவரோரம் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். 'சிரிங்க' என்று நான் சொல்லவில்லை, மழை மூக்கில் விழுந்ததற்கு அவராகச் சிரித்தார். கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அடேயப்பா, நானா இது?" என்றார். பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று நான்கு வாரம் ஓட்டிவிட்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு இதுவரை நானே பெயர் வைத்ததில்லை, ஊர் வைத்திருக்கலாம்.

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் செய்த காரியத்தின் அழகு விளங்காது. தினசரிக் காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், முகூர்த்தம், விரதம் என்று பொடி எழுத்தில் ஊரே அடங்கியிருக்கும். ஒரு முகூர்த்த நாள் மாறி அச்சாகிவிட்டால் எங்கோ ஒரு மண்டபத்தில் இரண்டு சம்பந்திகள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் கம்பெனியில் மூன்று பேர் படித்து, ஓரத்தில் பேனாவால் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தாள் மிஷினுக்குப் போகும். ஓகே எழுதிய பிறகு வருகிற தப்பு, எழுதியவன் தலையில். படிக்காமல் ஓகே போடாதவன் என்று எனக்கு அங்கே நல்ல பெயர். முதலாளியே பிற கம்பெனிக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். நானும் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்தான்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். அது எங்கள் தொழிலின் பிள்ளையார் சுழி, அதற்கு முந்தைய வாரம் யாரும் நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். வெளியூர் ஏஜென்ட் ஒருவர் புது மாடல் பத்தையும் படம் எடுத்து உடனே மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டார். கம்பெனியில் ஒரு கேமரா இருந்தது, என்னுடையதைவிடவும் மூத்தது. அதன் கார்டு அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. முதலாளி பின்னால் நின்று, "என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என் கேமராவிலிருந்த நீலக் கார்டை உருவி அதில் போட்டேன். அளவு ஒன்று, வடிவம் ஒன்று, மேலே எழுதியிருந்த பெயரும் ஒன்று. சொடக்கென்று உட்கார்ந்தது. ஏதோ நான்கு வார்த்தையில் ஒரு கேள்வி திரையில் வந்தது, கீழே 'ஓகே' என்று இருந்தது. அழுத்தினேன்.

கார்டை ஃபார்மட் செய்யவா என்று அது கேட்டிருக்கிறது. படிக்காமல் நான் போட்ட முதல் ஓகே அது. அந்தக் கேமராவுக்கு என் கேமரா எழுதி வைத்திருந்த விதத்தைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாததால் கார்டில் ஒன்றுமே இல்லை என்று அது முடிவு செய்துகொண்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, படங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டியது மட்டும்தான். முதலாளி நிற்கிறார், ஏஜென்ட் காத்திருக்கிறார். பிள்ளையாரையும் லட்சுமியையும் தவழ்கிற குழந்தையையும் வரிசையாகப் பத்துப் படம் எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கேமராவில் கார்டைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பத்துக் காலண்டர்தான் இருந்தன. கேமராவைப் பெட்டியில் வைத்து மூடினேன். மறுபடி ஒரு மழை நாளில் மதினியை நிற்கவைத்து எடுத்துவிட்டால் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனி மாத மழைக்காக ஆவணி வரை காத்திருந்தேன்.

ஆவணியில் ஒரு மதியம் வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் திசையைப் பார்ப்போம், பிறகு புகையை. அதற்குள் யார் யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனசு பட்டியல் போட்டுவிடும். மதினி வேலை செய்த அறைக்கு வெளியே, வெயிலில் காயவைத்த வெடிகளை அள்ளிக்கொண்டிருந்ததால் உயிரோடு கிடைத்தார். உள்ளே இருந்த இரண்டு பேர் கிடைக்கவில்லை. மதினிக்கு முகத்தின் இடப்பக்கம், கழுத்து, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயிருந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தார். அண்ணன் அங்கேயே கிடந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மதினியின் தங்கை ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் மதினியைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வாசலில் ஆட்டோ நின்றதும் குழந்தை "அம்மா" என்று ஓடிவந்தது. பக்கத்தில் வந்து பார்த்தது. பிறகு வீல் என்று கத்திக்கொண்டு சித்தியின் காலைக் கட்டிக்கொண்டது. "அம்மாடா, அம்மாதான்டா" என்று நாங்கள் சொல்லச் சொல்ல இன்னும் அதிகமாக அழுதது. மதினி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்னைக் கூப்பிட்டார். வாய் சரியாகத் திறக்க வராது, மெதுவாகத்தான் பேசுவார்.

"தம்பி, அந்த மழ நாள்ல ஒரு போட்டோ எடுத்தீகள்ல. அதப் பெருசாப் போட்டுத் தாங்க. பிள்ளகிட்ட தெனமும் காட்டுதேன். இதுதான் ஒங்கம்மா, இவதான் அங்கன உக்காந்திருக்கான்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிருவேன்."

கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டிப் பார்த்திருக்கிறார். "இது யாரு?" என்று கேட்டதாம் குழந்தை. பிள்ளை அறிந்த முகம் அந்த மழை நாள் முகம்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, பருத்திச் சேலை, சந்துப் பல். அது என் ஒருவனிடம்தான் இருந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "அந்தக் கார்டு கேமராவுக்குச் சேரல மதினி. கெட்டுப்போச்சு. மதுரையில ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன், எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்காங்க." கேமராவிலிருந்து உருவி நான் கூடவே வைத்துக்கொண்டிருந்த கார்டு, சொல்லும்போது என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, என் கைத்தப்பால் அழிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரக்கத்தால் சொல்லாமல் விட்டேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கம் இல்லை, பயம். அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம்.

ஒரு பொய் தனியாக நிற்காது, துணைக்கு ஆள் கேட்கும். தீபாவளி வந்தது. வீட்டில் கொண்டாட்டம் எதுவும் இல்லை, குழந்தைக்காக இரண்டு பெட்டி மத்தாப்பு மட்டும். "பாப்பாவ நாலு படம் எடுடா, அவ ஒருத்திக்காவது நல்ல நாளா இருக்கட்டும்" என்றார் அண்ணன். கார்டுதான் மதுரையில் இருக்கிறதே! அதனால் புதுக் கார்டு வாங்கக் கடைக்குப் போனேன். இருந்ததெல்லாம் அதே உருவத்தில், கொள்ளளவு மட்டும் பெரிய புதுவகைக் கார்டுகள். ஒன்றை வாங்கிவந்து போட்டால் என் கேமரா அதை ஏற்கவே இல்லை, 'கார்டு எரர்' என்று பிடிவாதமாக நின்றது. பழைய வகை தீபாவளி கழித்துத்தான் வரும் என்றார் கடைக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவன் பாதியில் இலையை விட்டு எழுந்திருக்க முடியுமா? நீலக் கார்டையே எடுத்து மாட்டினேன். புதுக் கார்டு என்று அண்ணனிடம் சொன்னேன். மத்தாப்புடன் பாப்பா, சட்டிப்பூ என்கிற புஸ்வாணத்துக்குப் பயந்து ஓடும் பாப்பா, சித்தி இடுப்பில் பாப்பா என்று அறுபது எழுபது படம் எடுத்தேன். மதினி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்த கார்டைப் பற்றி அடுத்த மாதம் கேட்டார். தேறாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். "சேரலேன்னா மிஷின் என்னய்யா செய்யும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அது மின்வெட்டுக் காலம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். ஊரே ஏசிக்கொண்டிருந்தது, நானும்தான். மதினி மட்டும் ஏசவில்லை. இருட்டு விழுந்ததும் அவர் குரல் கொடுத்து ஒரு ஆட்டுக்குட்டிக் கதையைத் தொடங்குவார். குரல் பழைய குரல்தான். குழந்தை மெல்ல நகர்ந்து நகர்ந்து வந்து மடியில் ஏறிக்கொள்ளும். கரண்ட் வந்தால் எங்கள் டியூப்லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டுத்தான் எரியும். அந்த முதல் மினுக்கலிலேயே குழந்தை மடியை விட்டு இறங்கி ஓடிவிடும். மதினி கை வெறும் மடியில் அப்படியே இருக்கும். ஒருநாள் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கரண்டு போகலயே" என்று என்னிடம் கேட்டார். அவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

எத்தனை நாள் அப்படிப் போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. ஒரு சாயங்காலம் லைட் மினுக்கியது, எரிந்தது, குழந்தை இறங்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. விரலால் அவர் கன்னத்தைத் தொட்டு, "வலிக்காம்மா?" என்று கேட்டது. மதினி அந்த விரலை உள்ளங்கையால் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது, என் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மதினி மட்டும் அதற்குப் பிறகு யாரையும் தன்னைப் படம் எடுக்க விட்டதில்லை. ஆதார் கார்டுக்கு உட்காரவைக்கவே அண்ணன் அரைநாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்தக் குழந்தை இப்போது விருதுநகரில் கல்லூரியில் இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. சென்ற பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தவள், "சித்தப்பா, அம்மாவ நீங்க ஒத்தையில ஒரு போட்டோ எடுத்தீகளாமே? அந்தக் கார்டு இருக்கா? இப்பக் கெட்ட கார்டுல இருந்துகூடப் படத்த எடுத்துரலாம்" என்றாள். கார்டு இருந்தது. பதினேழு வருடமாக அதை எறியவும் இல்லை, தொடவும் இல்லை. கொடுத்தால் என் பொய் வெளியே வரும் என்று தெரியும். ஆனாலும் ஒருவேளை அந்தப் படம் வந்துவிட்டால் என்ற ஆசை பயத்தை முந்திக்கொண்டது. கொடுத்தேன்.

மறுநாள் லேப்டாப்போடு வந்தாள். பத்துக் காலண்டர். பிறகு மத்தாப்பு, சட்டிப்பூ, சித்தி இடுப்பில் அவளே. "கார்டு கெடவே இல்லயே சித்தப்பா? நல்லா இருக்கே" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன், ஓகே அழுத்தியது வரைக்கும். அவள் சிரித்துவிட்டாள். "ஃபார்மட் பண்ணா படம் போகாது சித்தப்பா. கார்டுக்குள்ளதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. அதுக்கு மேல வேற படம் வந்து விழுந்தாத்தான் போகும். அம்மா படம் எத்தனாவது?"

"இருபதுக்கு மேல இருக்கும்."

"காலண்டர் பத்துதான. அப்ப அது மேல விழுந்தது தீபாவளிப் படம்தான். அதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது குடுத்திருந்தா எடுத்திருக்கலாம்." அவளுக்கு அது ஒரு பாடக் குறிப்பு. லேப்டாப்பை மூடிவிட்டு, தன் சின்ன வயதுப் படங்கள் கிடைத்த சந்தோஷத்தோடு போனாள்.

பதினேழு வருடமாக நான் தப்பான இடத்தில் வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஓகேயை எத்தனையோ தடவை மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் மதினி என்னிடம் கேட்ட அன்று, நான் கெட்டுப்போச்சு என்று சொன்ன அந்த நிமிடத்தில், அந்தச் சிரிப்பு முழுசாக என் சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறது. அழித்தது இயந்திரம் இல்லை. பொய்யைக் காப்பாற்ற நான் எடுத்த மத்தாப்புப் படங்கள்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணனோ முதலாளியோ விவரம் தெரிந்தவர் யாரையாவது பிடித்து வழி கேட்டிருப்பார்கள். அதுவரை கார்டும் மேலே வேறு படம் விழாமல் சும்மா கிடந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி தரையில் உட்கார்ந்து கடைகளுக்குப் பேப்பர் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் முழுதாக மடங்காது, உள்ளங்கையால் அழுத்தியே ஒட்டுவார். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார். நான் எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓகே, மதுரை ரிப்பேர், சட்டைப் பை, தீபாவளி, எல்லாம். அவர் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு கவர் ஒட்டினார்.

"தெரியாம அழிச்சதச் சொல்லியிருந்தா ஏசியிருப்பேன். ரெண்டு நாள் ஒங்களுக்குச் சோறு வைக்காம இருந்திருப்பேன்" என்றார். "அம்புட்டுத்தான தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிட்டார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது அவர் தாளை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"எட்டு மாசம், பதினோரு நாளு."

அடுத்த கவருக்குத் தாளை எடுத்தார். நானும் அந்த வீட்டில்தான், அதே டியூப்லைட்டுக்குக் கீழேதான் இருந்தேன். பிள்ளை அவர் முகத்தைப் பாராமல் இருந்தது எட்டு மாதம் பதினோரு நாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.